விடியற்காலைக் கனவு

ஒரே இரவில் மூன்று சினிமா பார்த்திருக்கிறீர்களா? சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நான் பார்த்தேன், டிக்கெட் எடுக்காமல், படுத்தபடியே.

முதல் கனவில் கல்லூரித் தேர்வறை. பதினைந்து வருடங்களுக்கு முன் எழுதித் தேறிய தெர்மோடைனமிக்ஸ் பரீட்சை. வினாத்தாளில் கேள்விகளுக்குப் பதில் நான் அலுவலகத்தில் எழுதிய நிரல், அதுவும் பிழையோடு. இரண்டாவதில் எங்கள் குடியிருப்பின் துணி துவைக்கும் அறைக்குள் காவிரி ஓடியது. பாட்டி படியில் உட்கார்ந்து வெண்கலப் பானை தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவதில் அப்பா. நியூஜெர்சியின் பனியில் வெறுங்காலோடு, கையில் டிபன் கேரியருடன் வந்து, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார்.

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. விசா தாள்கள் பாதியில் நின்றதால் என்னால் போக முடியவில்லை. ஆனால் கனவில் அவர் வந்தது எனக்குத் துளியும் வியப்பாக இல்லை. விழித்த பிறகு அதுதான் என்னைக் குடைந்தது. அதனால் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய பேராசிரியர் நதேனியல் கிளைட்மனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தூக்கத்தில் சில நேரங்களில் மூடிய இமைகளுக்குள் கண்கள் வேகமாக அசைகின்றன. அப்போது எழுப்பினால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொல்கிறார்கள் என்பது அதன் சாரம். அசெரின்ஸ்கி சோதித்துப் பார்த்தவர்களில் அவருடைய எட்டு வயது மகனும் ஒருவன். ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி இதை 'ரெம்' தூக்கம் என்கிறார்கள்.

சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை இந்த ரெம் கட்டம் வரும். முதல் தடவை சில நிமிடங்களே நீடிக்கும். விடிய விடிய நீண்டுகொண்டே போகும். 'விடியற்காலைக் கனவு பலிக்கும்' என்று பாட்டி சொன்னது நினைவுக்கு வந்தது. பலிக்குமா என்பது வேறு கதை. ஆனால் அந்நேரத்துக் கனவுதான் நீளமாக, கதைபோல, நினைவில் தங்கும்படி இருக்கும். பாட்டி கவனித்தது சரிதான், விளக்கம்தான் வேறு.

சரி, அன்றைக்கு மட்டும் ஏன் மூன்று? முந்தைய நான்கு இரவுகள் அலுவலகத்தில் ரிலீஸ் வேலை. இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்றுதான் தூங்கினேன். ரெம் தூக்கத்தைத் தடுத்தால் உடம்பு அந்தக் கடனை வட்டியோடு வசூலிக்கப் பார்க்கிறது என்று 1960-இல் வில்லியம் டிமென்ட் காட்டினார். போதாததற்கு என் மகனுக்கு அன்று இருமல். மூன்று முறை எழுந்தான், நானும் எழுந்தேன். கனவின் நடுவில் விழிப்பவருக்குத்தான் கனவு நினைவிருக்கும். மற்ற இரவுகளிலும் நான் கனவு கண்டிருப்பேன். காலையில் அதைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அப்பாவைப் பார்த்து ஏன் வியக்கவில்லை? ரெம் தூக்கத்தில் மூளையின் உணர்ச்சிப் பகுதிகள் சுறுசுறுப்பாக இருக்கின்றன. நெற்றிக்குப் பின்னாலிருந்து 'இது எப்படி முடியும்?' என்று குறுக்குக் கேள்வி கேட்கும் பகுதி அடங்கிக் கிடக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால், நிரல் ஓடுகிறது, சரிபார்ப்பவர் விடுப்பில் இருக்கிறார். பாசம் முழுதாக இருந்தது, மரணம் மட்டும் நினைவில் இல்லை.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் தீக்கனாவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். 'கனாத்திறம் உரைத்த காதை' என்று அதற்கு ஒரு காதையே இருக்கிறது. கனவைச் சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பு பழையது. எனக்கோ அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பிச் சொல்ல யாரும் இல்லை. மனைவி அப்போதுதான் மகனை அணைத்தபடி கண்ணயர்ந்திருந்தாள். மின்கட்டண உறை ஒன்றின் பின்புறம் அவசரமாக எழுதி வைத்தேன். கனவு சில நிமிடங்களில் கலைந்துவிடும் அல்லவா?

பனி, வெறுங்கால், டிபன் கேரியர், அப்பாவின் கேள்வி எல்லாம் அந்த உறையில் இருக்கின்றன. நான் என்ன பதில் சொன்னேன் என்பது மட்டும் இல்லை. அதற்குள் மகன் மறுபடி இருமிவிட்டான்.