வண்டி எப்போது நிற்கிறது?

காலை ஷிஃப்ட் நேரத்தில் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் படப்பையைக் கடப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகும் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் முண்டியடிக்கும் இடத்தில் ஒரு பழைய மாருதி 800 பட்டென்று ஆஃப் ஆகிறது. சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும். பத்தடி நகர்ந்து மறுபடி நிற்கையில் மறுபடி ஆஃப். வண்டி ஒர்க் ஷாப்புக்குப் போகிறது. பானெட்டைத் திறப்பதற்குள்ளேயே தீர்ப்பு வந்துவிடுகிறது: ‘கார்புரேட்டர் போச்சு சார், மாத்திடலாம்.’

இந்த அவசரத் தீர்ப்பால் எத்தனையோ நல்ல கார்புரேட்டர்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன. புதிய வண்டியில் குறையைச் சொல்ல சென்சாரும் கணினியும் உண்டு. கார்புரேட்டர் வண்டிக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அது நிற்கும் நேரமே அதன் குறையைச் சொல்லிவிடும். சிக்னலில் நிற்கிறதா, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் நிற்கிறதா, ஒரு மணி நேரம் ஓடிய பிறகா, வெயிலில் நிறுத்தி எடுத்த பிறகா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

கார்புரேட்டருக்குள் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. குழாய் குறுகும் இடத்தில் காற்று வேகமெடுக்கும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். 1738-இல் பெர்னூலியும் 1797-இல் வெஞ்சூரியும் எழுதி வைத்த விதி இது. அழுத்தம் குறைந்த இடத்தில் ஒரு நுண்துளை இருந்தால், கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தானாக மேலேறித் தெறிக்கும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. இந்தக் கணக்கை மின்சாரமே இல்லாமல், துளைகளின் அளவை வைத்தே நடத்துகிற கருவி அது. படப்பையிலிருந்து அதிகத் தொலைவில்லாத மறைமலை நகரில், ஜப்பானின் மிக்குனியோடு கைகோத்து யூகால் நிறுவனம் மாருதிக்காக இவற்றைத் தயாரித்தது. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் உருவானது அதற்கும் முந்திய காலம். இந்த வட்டாரத்துக்குக் கார்புரேட்டர் அந்நியப் பொருள் அல்ல.

சிக்கல் என்னவென்றால், ஒரே துளையால் எல்லா வேகத்துக்கும் பெட்ரோல் கொடுக்க முடியாது. ஐடிலிங்கில் த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடியிருக்கும். குறுகிய பகுதியில் காற்றுக்கு வேகமே இராது. மெயின் ஜெட் என்கிற பிரதானத் துளையிலிருந்து ஒரு சொட்டுகூட வராது. அப்போது வண்டியைக் காப்பாற்றுவது ஸ்லோ ஜெட் என்கிற, தலைமுடி நுழையும் அளவுத் துளை. பல நாள் ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின்போல் படிந்தால் முதலில் அடைபடுவது அதுதான். ஓடும்போது நன்றாக ஓடி, நிறுத்தினால் மட்டும் ஆஃப் ஆகும் வண்டியின் கதை பெரும்பாலும் இது. அதற்கு ஜெட்டைக் கழற்றிக் கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் அடித்தால் போதும். கம்பியை விட்டுக் குத்தக் கூடாது. மென்மையான பித்தளைத் துளை சற்றே பெரிதானாலும் கணக்கு நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

ஆனால் வெடித்த வேக்குவம் ஹோஸ் வழியாகத் திருட்டுக் காற்று புகுந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். இரண்டிலும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. கலவையைச் சோதிக்க எளிய வழி உண்டு: எஞ்சின் சூடான பிறகு சோக்கைக் கால்வாசி இழுத்துப் பாருங்கள். ஓட்டம் சீரானால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். புகை கக்கி மூச்சு முட்டினால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். கிண்ணத்துக்குப் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் வால்வு சரியாக மூடாமல் கிண்ணம் வழிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கோடையில் வரும் தொல்லை வேறு வகை. தாம்பரம் சந்தைக்குப் போய் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் கிளம்பாது. கிளம்பினாலும் நூறடியில் நிற்கும். பெட்ரோலின் லேசான பகுதிகள் 35-40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். எஞ்சினை அணைத்ததும் காற்றோட்டம் நின்று பானெட்டுக்குள் சூடு அதைவிட வெகுவாக ஏறுகிறது. மாருதி 800-இன் பெட்ரோல் பம்ப்போ எஞ்சினோடு ஒட்டியே இருக்கிறது. உறிஞ்சும் குழாயில் பெட்ரோல் ஆவியானால் பம்ப் ஆவியைத்தான் அடிக்கும். ஆனால் சூட்டில் மட்டும் செயலிழக்கும் இக்னிஷன் காயிலும் இதே நாடகத்தை ஆடும்! இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள்.

வண்டி நின்ற அந்த நிமிடத்தில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் அணைந்திருக்க, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிக் கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி த்ராட்டில் லீவரைக் கையால் தள்ளுங்கள். பக்கவாட்டுச் சிறுகுழாயிலிருந்து நூல் கனத்தில் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். அது ஆக்ஸிலரேட்டர் பம்ப்பின் வேலை. பீய்ச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. காயில், கண்டன்சர், பிளக் பக்கம் திரும்புங்கள். பீய்ச்சாவிட்டால் கார்புரேட்டரை விட்டுவிட்டு ஃபில்டர், பம்ப், டேங்க் என்று பின்னோக்கிப் போங்கள். கிண்ணம் நிறைந்திருந்தும் பீய்ச்சவில்லை என்றால், பெரும்பாலும் ஆக்ஸிலரேட்டர் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. மிதித்ததும் ஒரு கணம் திக்கித் திணறும் வண்டிக்கும் அதுவே காரணம். இந்தச் சோதனையின்போது பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நெடுந்தூரம் ஓடி மெல்ல இழுவை குறைந்து நின்று, சிறிது நேரத்தில் தானாகச் சரியாகும் வண்டியில் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத்துளையோ வென்ட் குழாயோ அடைத்திருக்கிறது. செலவே இல்லாத சரிபார்ப்பு இது.

இப்போது இவற்றோடு எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்தது. இன்று ஏறக்குறைய எல்லா பங்க்குகளிலும் அதுதான். எத்தனாலுக்கு வேண்டிய காற்று 9 பங்குதான் என்பதால், கலவைக்கான கணக்கு 14.7-இலிருந்து சுமார் 13.5-ஆக இறங்குகிறது. இன்ஜெக்‌ஷன் வண்டி ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். கார்புரேட்டரின் துளை அதே துளைதான். ஆகவே பழைய வண்டி எப்போதும் பெட்ரோல் குறைவாகவே ஓடுகிறது. காற்றுத் திருகைக் கொஞ்சம் திருப்பிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். அந்தத் திருகு ஐடிலிங்கை மட்டுமே மாற்றும். ஓட்டத்தில் இழுவை திரும்ப வேண்டுமானால் ஓர் அளவு பெரிய மெயின் ஜெட் போட்டு, பிளக்கின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் பம்ப் டயாஃப்ரமையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுவதும் அவசியம். இந்த மாற்றத்தைத் தன் செலவில், தன் முயற்சியில் செய்துகொள்ளும்படி பழைய வண்டிக்காரரை விட்டிருப்பது நியாயமில்லை.

எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஓரளவு வரை கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கும். எரிபொருள் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய பகுதி இது. மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்த வண்டிக்கு இங்கே பஞ்சமில்லை. அப்படிப்பட்ட வண்டி கிளம்பி உடனே நின்றால், ஃபில்டருக்கு முன்னால் குழாயைக் கழற்றிக் கண்ணாடி பாட்டிலில் சிறிது பிடித்து அசையாமல் வையுங்கள். நடுவே கோடு விழுந்து இரண்டு அடுக்காகத் தெரிந்தால் மேலே பெட்ரோல் ஊற்றி நிரப்பிப் பயனில்லை. டேங்கை முழுதாக இறக்கிக் காயவைக்க வேண்டும். அதோடு கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிகால் திருகையும் திறந்துவிட வேண்டும். அங்கே தேங்கிய இரண்டு ஸ்பூன் தண்ணீரை விட்டுவைத்தால், டேங்க் சுத்தமாக இருந்தும் வண்டி தெருமுனை தாண்டாது.