சிறு நகரத்துக்குக் குடிபெயரும் முன்: அங்கே இரண்டாவது வேலை இருக்கிறதா?

ஆஸ்திரேலியாவுக்குப் போக நினைப்பவர்களிடம் ஏஜென்டுகள் இன்று முதலில் பேசுவது சிறு நகரங்களைப் பற்றித்தான். அதற்குக் காரணம் உண்டு. 2019 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 491, 494 என்ற இரண்டு 'ரீஜனல்' விசாக்கள், சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரங்களுக்கு வெளியே குடியேறுவோருக்காக உருவாக்கப்பட்டவை. மாநில அரசின் நியமனமோ அங்கே வாழும் நெருங்கிய உறவினரின் ஆதரவோ கிடைத்தால், 491 விசாவுக்கான தகுதிப் புள்ளிக் கணக்கில் 15 புள்ளிகள் கூடும். பிறகு மூன்று ஆண்டுகள் விதிகளை மீறாமல் வாழ்ந்து, வரி மதிப்பீட்டு ஆவணங்களைக் காட்டினால், 191 விசா வழியாக பி.ஆர். எனப்படும் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கதவு அகலமாகத்தான் திறந்திருக்கிறது. ஆனால் அதற்குள் நுழைகிற பலர் வாடகை எவ்வளவு, குளிர் எப்படி, பக்கத்தில் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் உண்டா என்பதை வைத்தே ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவையும் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்த வேலை போய்விட்டால், இதே ஊரில் என் தொழிலில் எனக்கு வேறு வேலை கிடைக்குமா?

ஊரின் அளவும் வேலைகளின் எண்ணிக்கையும்

இந்தக் கேள்வியின் கனத்தை இரண்டு ஊர்களை ஒப்பிட்டால் உணரலாம். தெற்கு ஆஸ்திரேலியாவின் வயாலா ஓர் உருக்காலையை நம்பி வளர்ந்த நகரம். அந்த ஆலையை நடத்திய நிறுவனம் 2016-இல் திவால் நிர்வாகத்துக்குள் போனது. புதிய உரிமையாளர் வந்தும் நிலை தேறவில்லை. 2025 பிப்ரவரியில் மாநில அரசே தலையிட்டு ஆலையை மறுபடியும் நிர்வாகிகளிடம் ஒப்படைக்க நேர்ந்தது. பத்தாண்டுக்குள் இரண்டு முறை அந்த நகரமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. மறுபுறம் விக்டோரியாவின் ஜீலாங். அங்கே ஃபோர்டு நிறுவனம் 2016 அக்டோபரில் தன் தொழிற்சாலையை மூடியது. அதுவும் பெரிய அடிதான். ஆனால் சாலை விபத்து இழப்பீட்டு ஆணையம், தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டு முகமை போன்ற அரசு அமைப்புகளின் தலைமையகங்கள் அங்கே இருந்தன. மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் இருந்தன. ஒரு வாசல் அடைபட்டபோது தட்டுவதற்கு வேறு வாசல்கள் இருந்தன. விசா விதியைப் பொறுத்தவரை வயாலாவும் ஜீலாங்கும் ரீஜனல் பகுதிகளே. அடிலெய்டும், இருபது லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெர்த்தும்கூட அந்தப் பட்டியலில்தான் வருகின்றன. ரீஜனல் விசா என்றாலே ஒற்றை ஆலை ஊருக்குத்தான் போயாக வேண்டும் என்பதில்லை. இதை அறியாமலே பலர் கையெழுத்திட்டுவிடுகிறார்கள்.

விசாவில் கட்டியிருக்கும் கயிறு

வேலையிழப்பின் விளைவு எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 491 உங்களை எந்த முதலாளியோடும் கட்டிப்போடுவதில்லை. வாழ்வதும் வேலை செய்வதும் படிப்பதும் ரீஜனல் பகுதிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதே அதன் முக்கிய நிபந்தனை. ஒரு ரீஜனல் பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதை அந்த நிபந்தனை தடுக்காது. நியமனம் தந்த மாநிலத்துக்கு எழுதிக்கொடுத்த உறுதிமொழியை மட்டும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 494 அப்படிப்பட்டதல்ல. அது ஒரு நிறுவனத்தின் ஸ்பான்சரில் தரப்படுவது. வேலை போனால் 2024 ஜூலை முதலான விதிப்படி ஒரு தடவைக்கு 180 நாள், விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து 365 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் ஊரில் வேறொரு நிறுவனம் கிடைத்தால் போதாது; அது உங்கள் தொழிலுக்கு ஸ்பான்சர் செய்யவும் முன்வர வேண்டும். மேலும், இவ்விரு விசாக்களில் எதைப் பெற்றாலும் மூன்று ஆண்டுகள் முடியும்வரை 189, 190, 186 போன்ற நிரந்தர விசாக்களுக்குப் பொதுவாக விண்ணப்பிக்க முடியாது. 'பிடிக்கவில்லையென்றால் வேறு விசாவுக்கு மாறிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் அதை நம்பிவிடாதீர்கள்.

இந்தக் கயிற்றின் மறுமுனை முதலாளியின் கையில் இருப்பதுதான் ஆபத்து. பெருநகரத்தில் ஒரு மோசமான முதலாளியை விட்டு விலகுபவர் அடுத்த தெருவில் வேலை தேடலாம். ஒரே ஆலை, ஒரே முதியோர் இல்லம், ஒரே பண்ணை உள்ள ஊரில் அவர் யாரிடம் போவார்? தங்கும் வீடும் முதலாளியுடையது என்றால், வேலை போகும் நாளில் கூரையும் போகும். குறைந்த கூலி, சம்பளமில்லாத கூடுதல் நேரம், விசாவைக் காட்டி மிரட்டல் ஆகியவை இந்த இடத்தில்தான் வேர்விடுகின்றன.

சட்டம் தரும் கவசம்

ஆஸ்திரேலியச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. எந்த விசாவில் இருந்தாலும், விசா நிபந்தனையை மீறியிருந்தாலும்கூட, உள்ளூர்த் தொழிலாளிக்கு உள்ள கூலி உரிமைகள் உங்களுக்கும் உண்டு. சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் பே ஸ்லிப் தந்தாக வேண்டும். வீட்டு வாடகை என்று சொல்லி, உங்கள் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஸ்பான்சர் செய்வதற்காகப் பணம் கேட்பதும் வாங்குவதும் 2015 டிசம்பரிலிருந்து சட்டவிரோதம். விசா நிலையைக் காட்டி ஒருவரை வேலையிடத்தில் சுரண்டுவது 2024 ஜூலையிலிருந்தும், வேண்டுமென்றே கூலியைக் குறைப்பது 2025 ஜனவரியிலிருந்தும் குற்றம்.

பரிகாரம் தேடும் வழிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். கூலி பாக்கிக்கு ஃபேர் வொர்க் ஒம்புட்ஸ்மன் அலுவலகத்தை 13 13 94 என்ற எண்ணில் அழைக்கலாம். 131 450 வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். ஆறு ஆண்டுகள் வரையிலான பாக்கியைக் கோரலாம். 1,00,000 டாலர் வரையிலான தொகைக்கு நீதிமன்றத்தின் எளிய சிறு வழக்கு முறை உண்டு. நியாயமின்றி வேலையிலிருந்து நீக்கினால் 21 நாட்களுக்குள் ஃபேர் வொர்க் ஆணையத்தில் மனு தர வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டால் மீட்பது மிகக் கடினம். வாடகை வீட்டுக்கு முன்பணமாகக் கொடுத்த 'பாண்ட்' தொகையை மாநில அமைப்பிடம் செலுத்திவிட்டதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தகராறு வந்தால் அந்த மாநிலத்தின் தீர்ப்பாயத்தை நாடலாம். விசா ஆலோசனை தருபவர் பதிவு பெற்றவரா என்பதை அவருடைய பதிவு எண்ணைக் கொண்டு அரசின் இணையப் பட்டியலில் பார்த்துவிடலாம்.

'சட்டம் காகிதத்தில் இருக்கிறது. புகார் கொடுத்தால் விசாவே போய்விடும்' என்ற அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. இந்த அச்சம்தான் பலரை மௌனமாக்குகிறது என்பதை உணர்ந்தே 2024 ஜூலையில் இரண்டு பாதுகாப்புகள் கொண்டுவரப்பட்டன. சுரண்டலை எதிர்த்துப் புகார் செய்பவர் தகுதிகளை நிறைவு செய்தால், அவர் மீறிய விசா நிபந்தனைக்காக விசா ரத்தாகாமல் காக்கும் ஏற்பாடு ஒன்று. வழக்கை நடத்தும் காலத்தில் நாட்டிலேயே தங்க உதவும் தற்காலிக 'ஒர்க்பிளேஸ் ஜஸ்டிஸ்' விசா மற்றொன்று. இவை முழுக் கவசம் அல்ல. ஒற்றை முதலாளி ஊரில் வழக்கில் வென்றவருக்கும் அடுத்த வேலை அதே ஊரில் கிடைத்துவிடாது. சட்டம் நேற்றைய கூலியை மீட்டுத்தரும். நாளைய வேலையை நீங்களே முன்கூட்டிப் பார்த்துவைக்க வேண்டும்.

எதிர்வாதங்கள்

'சிறு ஊரில் வாடகை குறைவு, பணம் சேரும்' என்பார்கள். பல ஊர்களில் அது உண்மை. எல்லா ஊர்களிலும் அல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவின் கராத்தா, போர்ட் ஹெட்லாண்ட் போன்ற சுரங்க ஊர்களில் இரும்புத்தாதுத் தொழில் கொழிக்கும் காலத்தில் வாடகை பெருநகரங்களை மிஞ்சியிருக்கிறது. வாடகையில் மிச்சமாவது காருக்கும், சிறப்பு மருத்துவரைப் பார்க்கும் நெடும் பயணத்துக்கும் போகக்கூடும். மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தாலும் ஊரில் மருத்துவர் இல்லையென்றால் அதனால் பயன் குறைவு. 'ரீஜனல் முகவரியை மட்டும் காட்டிவிட்டு மெல்பர்னில் இருக்கலாம்' என்பது இன்னொரு யோசனை. அது நிபந்தனை மீறல். விசா ரத்தாகலாம், 191-க்கான வழியும் அடைபடலாம். மூன்று ஆண்டு உழைப்பைப் பணயம் வைக்கும் செயல் அது.

'அப்படியானால் சிறு ஊர்களே வேண்டாமா?' என்றால், அதுவும் தவறான முடிவு. குயின்ஸ்லாந்தின் பிலோவேலா சில ஆயிரம் பேர் வாழும் ஊர். 2018-இல் அங்கிருந்து ஓர் ஈழத் தமிழ்க் குடும்பத்தை அதிகாரிகள் விடியற்காலையில் கொண்டுபோனபோது, அந்த ஊர் மக்கள் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் விடாமல் போராடினார்கள். 2022-இல் அக்குடும்பம் திரும்பி வந்து நிரந்தர விசாவும் பெற்றது. முகம் அறிந்து பழகும் ஊரின் பலம் அது. ஆனால் அந்தப் பலம் பழகப் பழகத்தான் வரும். போய் இறங்கும் முதல் ஆண்டில், யாரையும் அறியாத நிலையில், உங்களைத் தாங்கப்போவது வேலைச் சந்தைதான்.

ஆகவே கையெழுத்துக்கு முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் உங்கள் தொழிலில் ஆள் எடுக்கும் நிறுவனங்களை வேலைவாய்ப்புத் தளங்களில் தேடி எழுதுங்கள். 494 என்றால் அவற்றில் எவை ஸ்பான்சர் செய்யும் என்று கேளுங்கள். வாழ்க்கைத்துணைக்கும் இதே தேடலைச் செய்யுங்கள். மூன்று மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்கட்டும். வீடு முதலாளியின் பெயரில் இல்லாமல் உங்கள் பெயரில் இருக்கட்டும். பட்டியலில் மூன்று நான்கு பெயர்களாவது வந்தால் ஊர் சிறியதாயினும் துணிந்து போகலாம். ஒரே பெயர்தான் வந்தது என்றால், அந்த வேலையை ஏற்கும் முன் அடிலெய்டையோ பெர்த்தையோ ஜீலாங்கையோ ஒருமுறை தேடிப் பாருங்கள். அதே விசாவில் அங்கும் வாழலாம்.