உறையை நீக்கும் அறுவையும் வேற்றுமை உருபும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவருக்கு ஓர் அறுவைச் சிகிச்சையைத் தமிழில் விளக்கித் தருமாறு அவர்தம் குடும்பத்தார் என்னை அழைத்தனர். நான் மருத்துவன் அல்லன். சொல்லின் அமைப்பை ஆராய்வதே என் தொழிலாக இருந்தது. மருத்துவர் கூறியதை மருத்துவமனையில் ஒருவர் ஏற்கெனவே தமிழில் சொல்லியிருந்தார். “இதயத்தின் தோலை உரித்து எடுத்துவிடுவார்கள்” என்பதே அவர் தந்த விளக்கம். அதைக் கேட்ட மூதாட்டி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட மறுத்துவிட்டார். என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதற் கேள்வி, “தோலை உரிச்சிட்டா அது எப்படிய்யா துடிக்கும்?” என்பது. அக்கேள்வியில் பிழையேதும் இல்லை. விளக்கியவர் மீதும் முழுப் பழியையும் சுமத்த இயலாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அந்த அறுவையின் பெயர் பெரிகார்டியெக்டமி. இதயத்தைச் சுற்றி ஈரடுக்குப் பை ஒன்று உள்ளது. அதன் உள்ளடுக்கு இதயத் தசையின் மேல் ஒட்டிய மெல்லிய படலம். வெளியடுக்கு நார்த்தன்மையுடைய உறுதியான உறை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சிறிதளவு நீர், இதயம் உராய்வின்றித் துடிக்கத் துணைசெய்கிறது. இந்த உறை பயனுள்ளதே. எனினும் உயிர்வாழ இன்றியமையாதது அன்று. பிறவியிலேயே இவ்வுறை இல்லாமல் வாழ்வோரும் அரிதாக உண்டு. மூதாட்டியின் கேள்விக்குரிய விடை இந்த ஒரு செய்தியில் அடங்கியிருந்தும், அதுவரை எவரும் அதனை அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

உறை நோயுற்றால் நிலைமை மாறுகிறது. காசநோய், வைரசுத் தொற்று, மார்புக்குத் தரப்பட்ட கதிர்வீச்சுச் சிகிச்சை, முன்னர் நடந்த இதய அறுவை ஆகியவற்றுள் ஒன்றன் விளைவாக உறையில் அழற்சி தோன்றலாம்; பலரிடத்தில் காரணம் இன்னதென்று தெரிவதே இல்லை. அழற்சி நீடிக்குமாயின் உறை தடித்து, இறுகி, சிலரிடத்தில் சுண்ணமும் படிந்துவிடுகிறது. செருமானியர் இந்நிலையைப் ‘பான்சர்ஹெர்ட்ஸ்’ என்றனர். கவச இதயம் என்று அதனைத் தமிழாக்கலாம். தமிழில் ‘உறை’ என்பது மூடியிருப்பதையும் குறிக்கும். பாலைத் தயிராக்க ஊற்றும் உறைமோரையும் குறிக்கும். வினையாக வரும்போது கெட்டிப்படுதலைக் குறிக்கும். இதய உறை உறைந்துவிட்டது என்றால் நோயின் இயல்பே அத்தொடரில் வந்துவிடுகிறது. அகராதி படிப்பவனுக்கு இவ்வாறான சிறு மகிழ்ச்சிகள் வாய்ப்பதுண்டு.

இறுகிய உறைக்குள் இதயத்தால் சுருங்க முடியும். போதிய அளவு விரிய முடியாது. விரியாத இதயத்துள் குருதி நிரம்புவதில்லை. உட்புக இடமில்லாத குருதி சிரைகளில் தேங்குவதால் கால்கள் வீங்குகின்றன, வயிற்றில் நீர் கோக்கிறது, கல்லீரலும் பெருக்கிறது. இதனைக் கல்லீரல் நோயென்று கருதி நெடுங்காலம் மருந்துண்டவர்களும் உண்டு. நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது கழுத்துச் சிரை இயல்பாகத் தளரும். இந்நோயாளரிடத்தில் அது தளராமல் மேலும் புடைக்கக் காணலாம். அடால்ஃப் குஸ்மால் என்னும் செருமானிய மருத்துவர் 1873இல் விவரித்த இவ்வடையாளம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அழற்சி புதிதாயின் மருந்தினாலேயே இறுக்கம் தளர்வதும் உண்டு. நாட்பட்டு இறுகிய உறைக்கோ அறுவையே வழி. இவ்வழியை 1898இல் முன்மொழிந்தவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் எட்மண்ட் டெலோர்ம். 1913ஆம் ஆண்டளவில் லுட்விக் ரேன், ஃபெர்டினாண்ட் சவர்புரூக் ஆகிய செருமானியர் அதனைச் செய்து காட்டினர். இவ்வறுவைக்கு ‘டிகார்ட்டிகேஷன்’ என்னும் பெயரும் வழங்குகிறது. இலத்தீனில் ‘கார்ட்டெக்ஸ்’ என்றால் மரப்பட்டை. எனவே அச்சொல்லுக்குப் பட்டை உரித்தல் என்பதே நேர்ப்பொருள். மருத்துவமனையில் விளக்கியவர் ‘உரித்து’ என்றபோது, தாம் அறியாமலேயே அறுவையாளரின் உருவகத்தைத் தொட்டுவிட்டார். பிழை ‘தோல்’ என்ற சொல்லில் நேர்ந்தது. உயிருள்ள ஒன்றின் தோலை உரிப்பதென்றால் தமிழர் செவியில் அது கொடுமை. மரவுரி என்றால் எவரும் அஞ்சுவதில்லை.

பெரும்பாலும் நெஞ்செலும்பை நெடுக்காகப் பிளந்தே மருத்துவர் இதயத்தை அணுகுகின்றனர். இதயத்தின் இருபுறமும் உறையை ஒட்டி, உதரவிதானத்தை இயக்கும் நரம்புகள் இறங்குகின்றன. அவை அறுபட்டால் மூச்சுவிடுதல் இடர்ப்படும். ஆதலால் ஒரு நரம்பின் ஓரம் தொடங்கி மறு நரம்பின் ஓரம்வரையிலும், கீழே உதரவிதானத்தின் மேற்புறத்திலும் உறையைச் சிறிது சிறிதாகப் பிரித்தெடுக்கின்றனர். சுண்ணம் தசைக்குள் ஊடுருவிய இடங்களில் வலிந்து இழுத்தால் இதயச்சுவர் கிழியக்கூடும். அங்கெல்லாம் சிறு திட்டுகளை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. அகற்றிய உறைக்கு ஈடாக வேறெதுவும் வைக்கப்படுவதில்லை. ஐரோப்பிய இதயநோய் வல்லுநர்களின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி, இவ்வறுவையில் இறப்பு 100க்கு 6 முதல் 12 வரை நேர்வதாகக் குறிப்பிடுகிறது. நெடுங்காலம் ஒடுங்கிக் கிடந்த தசை அறுவைக்குப் பின் உடனே வலுப்பெறுவதும் இல்லை.

இனி மொழிக்கு வருவோம். இத்துறையில் ஓர் ஈறு மாறினால் சிகிச்சையே மாறிவிடும். ‘டமி’ என முடிந்தால் வெட்டித் திறத்தல். ‘எக்டமி’ என முடிந்தால் வெட்டி அகற்றுதல். ‘சென்டீசிஸ்’ என முடிந்தால் ஊசியால் குத்தி நீரை எடுத்தல். மூதாட்டிக்கு முன்னொரு முறை ஊசியால் நீர் எடுத்திருந்தனர். அவர் வீட்டார் அதனையும் இப்போதைய அறுவையையும் ‘இருதயத்தைச் சுத்தம் பண்றது’ என்றே சொல்லிவந்தனர். அரை மணி நேரத்தில் முடிந்த ஒன்றையும் நெஞ்செலும்பைப் பிளக்கும் ஒன்றையும் ஒரே பெயரால் அறிந்தவர், எதற்கு ஒப்புதல் தருகிறார்?

கலைச்சொல்லாக ‘இதய உறை நீக்கம்’ என்பது போதும். அகராதியில் அது செம்மையாக நிற்கும். படிவத்திலோ ‘நோயுற்ற இதய உறை நீக்கம்’ என்று அச்சிட்டால் இடர் தோன்றுகிறது. நோயுற்றது இதயமா, உறையா? நீக்கப்படுவது எது? உருபுகள் மறைந்த தொகையில் அடை எச்சொல்லைத் தழுவுகிறது என்பது வெளிப்படுவதில்லை. கற்றவர் சூழலைக்கொண்டு பொருள் கொள்வர். அஞ்சிய நோயாளர் மிகக் கொடிய பொருளையே கொள்வார். தொகையை விரித்து, ‘இதயத்தின் மேலுள்ள நோயுற்ற உறையை அகற்றுதல்’ என எழுதினால், இரண்டாம் வேற்றுமை உருபாகிய ஐ எது அகற்றப்படுகிறது என்பதைக் காட்டிவிடுகிறது. கலைச்சொற் குழுக்களில் அமர்ந்த நாள்களில் நானும் சுருக்கத்தையே வற்புறுத்தியவன். படிவத்தைப் பொறுத்தவரை என் கருத்தை மாற்றிக்கொண்டேன்.

மூதாட்டியிடம் முதலில் நான் தேங்காயைச் சொன்னேன். மட்டையை உரித்தாலும் உள்ளிருக்கும் காய் கெடுவதில்லை என்றேன். அவர் முகம் தெளிந்தது. ஆனால் மட்டை எளிதில் கழன்றுவிடும், இவ்வுறை அப்படியன்று. ஆறுதலுக்காக நான் பாதியை மறைத்துவிட்டேன் என்பது உறுத்தவே, நெடுநாள் கிடந்து காய்ந்த எலுமிச்சையை நினைவூட்டி, தோல் சுளையோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கையில் சுளையும் கிழியக்கூடும் என்றேன். நூற்றுக்கு எத்தனை பேர் என்னும் கணக்கையும் மருத்துவரிடமே கேட்டு அவருக்குச் சொன்னேன். முகம் மீண்டும் வாடியது. பிறகு ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதிக் கொடுத்தேன். அவற்றைப் பேத்தியை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “எடுத்ததைத் திரும்ப வச்சுத் தைப்பாங்களாய்யா?” என்றார். இல்லை என்றேன். மகன் வரட்டும் என்று சொல்லித் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் கையெழுத்திட்டார் என்று பேத்தி தொலைபேசியில் தெரிவித்தாள்.