செல்லைச் சிதைக்கும் கதிர்வீச்சு: மாயாபுரி உணர்த்தும் பாடம்

பெங்களூரு அடுகோடியை அடுத்து ஓசூர் சாலைப் பகுதியில் அமைந்துள்ளது கிட்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. கர்நாடக மக்களோடு எல்லைப்புறத் தமிழக நோயாளிகளும் நாடிவரும் இடம் அது. அங்கு அளிக்கப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சையின் நோக்கம், கட்டுப்பாடின்றிப் பெருகும் புற்றுச் செல்களின் பிரிதலைத் தடுத்து அவற்றை அழிப்பதாகும். அதே கதிர்வீச்சு காவலின்றிக் கைமாறினால் என்ன நேரும் என்பதைத் தலைநகர் தில்லி 2010ஆம் ஆண்டில் கண்டது.

காமா கதிர்கள் செல்லுக்குள் ஊடுருவும்போது, அதன் மரபுப் பொருளான டி.என்.ஏ. இழைகள் அறுபடுகின்றன. இரு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால் அதைச் செப்பனிடுவது கடினம். அறுந்த குரோமோசோம்கள் தவறாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. இத்தகைய செல் உடனே மடிவதில்லை. பெரும்பாலும் இரண்டாகப் பிரிய முயலும்போதே மடிகிறது. எனவே, இடையறாது பிரியும் எலும்பு மஜ்ஜை, குடலின் உட்படலம், மயிர்க்கால் ஆகியவையே முதலில் பாதிக்கப்படுகின்றன. வெள்ளணுக்கள் குறைகின்றன; நோய்த்தொற்று எளிதில் பற்றுகிறது. மருத்துவமனையில் கதிர்வீச்சைப் பல நாள்களுக்குப் பகிர்ந்து அளிப்பதும் இதனாலேயே. இடைவெளியில் நல்ல செல்கள் தம்மைச் செப்பனிட்டுக்கொள்ளும்.

மாயாபுரியில் அந்த அளவும் இல்லை, இடைவெளியும் இல்லை. தில்லி பல்கலைக்கழக வேதியியல் துறை 1968இல் கனடாவிலிருந்து வாங்கிய காமா கதிர்வீச்சுக் கருவி 1985க்குப் பின் பயன்பாட்டில் இல்லை. 2010 பிப்ரவரி 26 அன்று அது பழைய இரும்பாக ஏலம் விடப்பட்டது. மாயாபுரிப் பழைய இரும்புக் கடையில், உள்ளிருப்பது கோபால்ட்-60 என்று அறியாமலேயே அதைப் பிரித்து வெட்டினர். ஒருவர் ஒரு துண்டைத் தம் பணப்பையிலேயே வைத்திருந்தார். ஏழு பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு தொழிலாளி ஏப்ரல் 26 அன்று உயிரிழந்தார்.

கோபால்ட்-60இன் வீரியம் ஏறத்தாழ 5.27 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். அவ்வாறாயின் 42 ஆண்டுகளில் அது சுமார் 250இல் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். எஞ்சிய அந்தப் பங்கே ஓர் உயிரைக் குடிக்கப் போதுமானதாயிற்று.

கதிர்வீச்சுக்கு நிறமில்லை, மணமில்லை. பாதிப்பும் செல்கள் பிரியும்போதுதான் வெளிப்படுகிறது. தொட்டவர் தெரிந்துகொள்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது. ஆகவே, எச்சரிக்கையாக இருக்கும் பொறுப்பைக் கூலித் தொழிலாளியின் தலையில் சுமத்துவது அறமாகாது. கதிரியக்கப் பொருளைப் பாதுகாப்பாக ஒப்படைக்கும் கடமை அதை வைத்திருப்பவருக்கே உரியது என்பதை 2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் அன்றே வகுத்திருந்தன. விதி இருந்தது, கருவியைப் பற்றிய நினைவுதான் நிறுவனத்தில் இல்லை.

மருத்துவமனை, ஆய்வகம், ஆலை எதுவாயினும், ஒவ்வொரு கதிரியக்க மூலத்திற்கும் வாங்கிய நாள் முதல் ஒப்படைக்கும் நாள் வரை கணக்கு வேண்டும். அக்கணக்கை அரசு நேரில் சரிபார்க்க வேண்டும். அறிந்தவர்கள் மறந்ததற்கு அறியாதவர்கள் உயிரை விலையாகக் கொடுப்பது இனியும் நிகழலாகாது.