ஒற்றியெடுத்த ஓவியம்

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரைப் பகுதியில் பாறைக் குன்றுகள் பல உள. மழைநீர் வழிந்து வழிந்து அப்பாறைகளின்மேல் கறைகள் படிந்திருக்கும். அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் சிறுவர்களுள் ஒருவனுக்கு ஒரு கறை யானையாகத் தோன்றும். மற்றொருவனுக்கு அதுவே முகிலாகத் தோன்றும். கறையை வரைந்தவர் எவருமிலர். அதில் உருவத்தைக் கண்டது உள்ளமே ஆகும். உள்ளத்தின் இவ்வியல்பு ஓவியக் கலைக்குத் துணையாவது. இத்தாலிய ஓவியர் லியோனார்டோ டா வின்சி, கறைபடிந்த சுவர்களை உற்றுநோக்கினால் மலைகளும் ஆறுகளும் போர்க்களங்களும் புலப்படும் என்று ஓவியம் பயில்வோர்க்கு அறிவுறுத்தினார்.

1924ஆம் ஆண்டில் ஆந்திரே பிரெத்தோன் என்பார் பாரிசு நகரில் சர்ரியலிசம் என்னும் கலை இயக்கத்தின் கொள்கையை எழுதி வெளியிட்டார். இதனைத் தமிழில் மீமெய்யியல் என்பர். கனவில் தோன்றுவன போன்று, அறிவின் கட்டுப்பாட்டுக்கு அடங்காது ஆழ்மனத்தில் எழும் காட்சிகளை வெளிக்கொணர்தலே இதன் நோக்கமாகும். ஆயினும் தூரிகையை எடுத்தவுடன் பழகிய கை பழகிய உருவத்தையே வரையத் தொடங்கிவிடும். கையின் பழக்கத்தை வெல்வது எங்ஙனம்?

இதற்கு வழி கண்டவருள் ஒருவர், தெனெரீப் தீவிற் பிறந்த ஓவியர் ஆஸ்கார் தொமிங்கெஸ். அவர் 1936ஆம் ஆண்டளவில் கையாண்ட முறை மிக எளியது. வழவழப்பான தாளின்மேல் கெட்டியான கரிய வண்ணத்தைப் பரப்பி, அதன்மேல் மற்றொரு தாளை வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, மெல்லத் தூக்கியெடுத்தல் வேண்டும். அப்பொழுது எவரும் எண்ணிப் பாராத குகைகளும், பாசிகளும், பவளக்கொடிகளும் தாளிற் காணப்படும். மட்பாண்டங்களின்மேல் படங்களை ஒற்றும் தொழிலுக்கு வழங்கிய டிகால்கோமேனியா என்னும் பெயரே இதற்கும் அமைந்தது.

இவ்வுருவங்கள் தோன்றுதற்குக் காரணம் உண்டு. தாளைத் தூக்குங்கால் விளிம்புகளின் வழியே காற்று உட்புகும். இளகிய காற்று, கெட்டியான வண்ணத்தை ஒரே சீராகத் தள்ள இயலாது, கிளை கிளையாகப் பிரிந்து வழி தேடிச் செல்லும். இடையே எஞ்சிய வண்ணம் இலை நரம்புகளைப் போலவும் மரக்கிளைகளைப் போலவும் வரம்பு கட்டி நிற்கும்.

எனினும், ஒற்றியெடுத்த அளவில் ஓவியம் முற்றுப்பெறுவதில்லை. செருமனியிற் பிறந்த மாக்ஸ் எர்ன்ஸ்ட் இதனை நன்குணர்ந்தவர். 1939ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப்போர் மூண்டபொழுது அவர் பிரான்சில் வாழ்ந்தார். பகைநாட்டார் எனக் கருதப்பட்டுக் காவலில் வைக்கப்பெற்றார். பின்னர்த் தப்பி, 1941ஆம் ஆண்டில் அமெரிக்கா சேர்ந்தார். அத்துன்பக் காலத்தில் 1940 முதல் 1942 வரை அவர் தீட்டியது ‘மழைக்குப் பின் ஐரோப்பா’ என்னும் ஓவியம். துணியின்மேல் ஒற்றிய வண்ணம், அழுகிச் சிதைந்த பாறைகள் போலவும் இடிந்த மாளிகைகள் போலவும் காட்சியளித்தது. அவர் அதனை நெடிது நோக்கி, வேண்டிய பகுதிகளை நிறுத்தி, வேண்டாதவற்றின்மேல் நீலவானத்தைத் தீட்டி மறைத்தார். இடையே பறவைத் தலையுடைய வீரன் ஒருவனையும் பெண் ஒருத்தியையும் அமைத்தார். போரினாற் பாழான ஒரு கண்டத்தின் துயரம் அதில் உருப்பெற்றது. அவ்வோவியம் இன்று அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரக் கலைக்கூடத்தில் உள்ளது.

கறையைத் தந்தது தற்செயல். அதில் துயரத்தைக் கண்டதும், கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளியதும் கலைஞரின் உள்ளம். வண்ணத்தை ஒற்றியெடுத்தல் சிறுவர்க்கும் எளிது. எடுத்த தாளை நாற்புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதில் மறைந்துள்ள உருவைப் பொறுமையுடன் தேடிக் காண்பவனே ஓவியன் ஆவான். ஊத்தங்கரைப் பாறைக் கறைகள் நாள்தோறும் கற்பிக்கும் பாடமும் அதுவே.