கல்லாய்ச் சமைந்த பாசிக்காய்

பாரிஸ் நகரைச் சூழ்ந்த பழம்பாறைகளிலே கடுகினும் சிறிய உருண்டைகள் சில கிடைப்பதுண்டு. திருகாணியிற் காண்பது போன்ற சுற்றுவரிகள் அவற்றின்மேல் ஓடும். 1804ஆம் ஆண்டளவில் இவற்றை ஆராய்ந்த லாமார்க் என்னும் பேரறிஞர், ஏதோ சிறு பிராணியின் ஓடு என எண்ணிக் 'கைரோகொனைட்' எனப் பெயரிட்டார். 1812இல் லேமான் என்பவர் உண்மையை வெளிப்படுத்தினார்: அவை காரா என்னும் நன்னீர்ப் பாசியின் காய்கள். பேரறிஞரும் ஏமாந்தார் என்பதில் நமக்கு ஓர் ஆறுதல் உண்டன்றோ!

குளங்களின் அடியில் வளரும் காரா, நீரிலுள்ள சுண்ணாம்பைத் தன்மேற் படியவைத்துக் கொள்வது. அதன் முட்டையை ஐந்து கலங்கள் இடப்புறமாகச் சுற்றி அணைக்கின்றன. அவற்றிற் சுண்ணாம்பு இறுகுகின்றது. செடி அழுகினும் காய் கல்லாய் நிலைக்கின்றது. ஆனால், ஏறக்குறைய 38 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட டெவோனிய காலத்துக் காய்கள் சிலவற்றில் வரிகள் வலப்புறமாகச் சுழல்கின்றன. வலம்புரி, இடம்புரி பார்த்துச் சங்கு வாங்கும் நம்மவருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

இதனாற் பயன் யாது? கடலிற் படிந்த பாறைகளுக்குக் கடற்பிராணிகளின் சுவடுகளே வயது கூறும். ஏரியிற் படிந்தவற்றில் அவை இல்லை. தைனோசர்களின் எலும்புகளோ அரிதாகவே கிடைப்பன. பாசிக்காய்கள் அவ்வாறல்ல. ஒருபிடி சுண்ணாம்புக் களியை நீரில் ஊறவைத்து, நுண்ணிய அரிதட்டில் அலசி, நுணுக்குக்காட்டியின் கீழ் ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் பல காய்கள் அகப்படலாம். எண்ணெய் தேடித் துளையிடும்போது பேரெலும்பு நொறுங்கிவிடும்; இக்காய் முழுதாகவே மேலே வரும். எண்ணெய் வளத்தின் பெரும்பகுதி ஏரிப்படிவுகளில் அமைந்த சீனத்தில் இவை பெரிதும் ஆராயப்பட்டமைக்கு இதுவே காரணம்.

பிரான்சிலே மொம்பெலியே நகரில் ஆய்வு நடத்திய லூயி கிராம்பாஸ்ற், கிளவேற்றர் குடும்பத்துக் காய்களின் வெளியுறை காலத்தோடு படிப்படியாக மாறிவந்ததைக் காட்டினார். உறையின் நிலையைக் கண்டால் படையின் காலம் தெரியும். அக்குடும்பத்து அற்றோபோகாரா ஐரோப்பா, ஆசியா, அமெரிக்கா மூன்றிலும் கிடைப்பதால், ஒன்றையொன்று காணாத ஏரிகளின் படைகளையும் ஒப்பிட முடிகின்றது.

எனினும் காய் தனித்து ஆண்டுக்கணக்குச் சொல்லாது. இங்கிலாந்தின் வைட் தீவிற்போல ஏரிப்படையும் கடற்படையும் மாறிமாறி அடுக்கிய இடங்களில் அதன் கணக்கைச் சரிபார்க்கலாம். மற்றோர் இடரும் உண்டு. பழைய பாறையிலிருந்து ஆற்றுநீர் அரித்த காய் புதிய சேற்றிற் கலந்து ஆய்வாளரை ஏமாற்றும். ஆதலால், வரி மழுங்கித் தேய்ந்த காயைக் கண்டால் அதனை ஐயத்தோடு ஒதுக்கிவைப்பர்.