காசு கையில் இருக்கிறது, கதவுதான் திறக்கவில்லை

பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் பக்கமிருந்து பாடாங் பிரவுன் வரை டத்தோ கிராமாட் சாலையில் ஒரு மாலை நேரம் நடந்து பாருங்கள். பழைய கடைவீடுகளின் மேல்மாடியிலும் அடுக்குமாடி வீடுகளின் சுவரிலும் வட்டத் தட்டுகள் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதே வீடுகளில் பலவற்றுக்குள் ஃபைபர் இணையமும் வந்துவிட்டது. பிள்ளைகள் கைப்பேசியில் கொரியத் தொடர் பார்க்கிறார்கள். அப்பா யூடியூப்பில் பழைய பாட்டு கேட்கிறார். தமிழ் நாடகம் மட்டும் இன்னும் கூரை வழியாகத்தான் இறங்குகிறது.

வானொலியில் எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் நேயர்கள் பேசுவார்கள். ஆனால், ‘டிவிக்கு மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள்?’ என்று கேட்டால் தொலைபேசி ஓயாது. அழைப்பவர்களின் குறை பெரும்பாலும் மூன்று வகைதான்.

ஜாலான் பெராக் பக்கம் வசிக்கும் எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா சொன்னார்: “தம்பி, எனக்கு வேண்டியது ரெண்டு நாடகம். அதுக்கு எதுக்குப்பா இத்தனை சேனல்? பாதி என்னன்னே எனக்குத் தெரியாது. ஆனா மாசம் நூறு வெள்ளிக்கு மேல வருது.” பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பொறியியலாளராக வேலை செய்யும் இளைஞருக்கு வேறு சிக்கல். வாடகை அறையில் இருக்கிறார். சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. “தமிழ்ச் சேனல் மட்டும் இருபது, முப்பது வெள்ளிக்குக் கொடுத்தால் இன்றைக்கே கட்டத் தயார்” என்கிறார். மூன்றாவது, வெளிநாட்டில் படிக்கும் மகள். ஊரில் பார்த்த உள்ளூர் நிகழ்ச்சியின் அடுத்த பாகத்தை அங்கிருந்து தட்டினால், ‘உங்கள் நாட்டில் இதைக் காண இயலாது’ என்று திரை சொல்கிறது.

மூவருமே இலவசமாகக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பார்த்ததற்குக் காசு கொடுக்க அவர்கள் தயார். வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

இதற்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் சொல்ல முடியாது. பிரிட்டனில் பிபிசி தன் ஐபிளேயர் சேவையை 2007 டிசம்பரில் முழுமையாகத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் ஹாட்ஸ்டார் 2015-லும், சன் குழுமத்தின் சன் நெக்ஸ்ட் 2017-லும் வந்தன. நம் நாட்டில் ஆஸ்ட்ரோவும் 2012-லேயே கைப்பேசிச் செயலியைக் கொண்டுவந்தது. ஆனால் அது முக்கியமாக ஏற்கெனவே சந்தா கட்டுபவர்களுக்கு. அதாவது பெரும்பாலும் வீட்டில் தட்டு இருந்தால்தான் கையில் படம். நெட்ஃபிலிக்ஸ் 2016 ஜனவரியில் மலேசியாவுக்கு வந்தபோது நம் மக்கள் வேறொரு முறையைப் பார்த்தார்கள். தட்டு வேண்டாம், ஒப்பந்தம் வேண்டாம், பிடிக்காவிட்டால் அடுத்த மாதமே நிறுத்திக்கொள்ளலாம். அதன்பிறகு பழைய முறையின் மீது பொறுமை குறைந்ததில் வியப்பில்லை.

அப்படியானால் தொலைக்காட்சி நிறுவனங்கள் ஏன் தயங்குகின்றன?

முதல் காரணம் உரிமை. சென்னையில் எடுக்கப்படும் ஒரு தொடரை வெளிநாடுகளுக்கு விற்கும்போது நாடு நாடாகப் பிரித்து விற்கிறார்கள். இங்கே ஒரு நிறுவனம் பணம் கொடுத்து மலேசிய உரிமையை வாங்கினால், அதே தொடரைச் சென்னை நிறுவனம் தன் செயலி வழியாக நேரடியாக நமக்குக் கொடுப்பதை அது விரும்பாது. இணையத்துக்கு எல்லை இல்லை என்று நாம் நினைக்கிறோம். ஒப்பந்தக் காகிதத்தில் எல்லை இருக்கிறது. ஒரே பெயரில் இயங்கும் செயலியில்கூட நாட்டுக்கு நாடு நிகழ்ச்சிப் பட்டியல் மாறுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது காரணம் தொகுப்பு. நூறு வீடுகளில் எண்பது பேர் விளையாட்டுச் சேனலைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் நூறு வீடும் சேர்ந்து கட்டினால்தான் அந்த விளையாட்டு உரிமையை வாங்க முடியும். அதேபோல, தமிழ் பார்க்காத வீடுகளும் கட்டும் பணத்தில் ஒரு பங்கு தமிழ் நிகழ்ச்சிகளுக்கு வரலாம். ‘எனக்கு வேண்டியதை மட்டும் கொடு’ என்று எல்லாரும் கிளம்பினால், சின்னச் சேனல்கள்தான் முதலில் ஆடிப்போகும். மலேசியாவில் இந்தியர்கள் சுமார் 20 லட்சம் பேர். அந்தச் சந்தையை மட்டும் நம்பி ஒரு தமிழ்ச் சேனல் தனியாக நிற்குமா என்ற கேள்வி நியாயமானதே.

மூன்றாவது, பழகிய வருமானம். ஒரு காலத்தில் ஆண்டுக்கு 500 கோடி வெள்ளிக்கு மேல் வருமானம் ஈட்டிய ஆஸ்ட்ரோ, 2024 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் 350 கோடிக்கும் கீழே இறங்கியது. வீடு வீடாக வரும் சந்தாதான் அதன் பிழைப்பு. குறைந்துகொண்டே போகும் வருமானத்தைத் தாமே இன்னும் வேகமாகக் குறைத்துக்கொள்ள எந்த நிர்வாகமும் தயங்கும். 2021 ஜூனில் இளையோருக்காக ‘சூகா’ என்ற தனி இணையச் சேவையைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டே டிஸ்னியும் நெட்ஃபிலிக்ஸும் அவர்களுடைய பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டன. தட்டில்லாமல் வைஃபை மூலம் இயங்கும் பெட்டியும் வந்தது. கதவு முழுக்க மூடியிருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒருக்களித்துத் திறந்திருக்கிறது, ஆனால் உள்ளே நுழைய இன்னும் குனிய வேண்டியிருக்கிறது.

இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்காவில் 2010-ல் கூகள் டிவி அறிமுகமானபோது ஏபிசி, சிபிஎஸ், என்பிசி மூன்றும் தங்கள் இணைய நிகழ்ச்சிகள் அந்தக் கருவியில் தெரியாதபடி தடுத்தன. சிறு ஆண்டெனாக்களின் மூலம் உள்ளூர்ச் சேனல்களை இணையத்தில் கொடுத்த ஏரியோ என்ற நிறுவனம், 2014 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் தோற்று, அந்த ஆண்டே திவாலானது. ஆனால் பார்வையாளர்களின் ஆசை வழக்கில் தோற்கவில்லை. 2012-ல் எச்பிஓ ரசிகர்கள், ‘எங்கள் காசை எடுத்துக்கொள்ளுங்கள், கேபிள் சந்தா இல்லாமல் நிகழ்ச்சியை மட்டும் கொடுங்கள்’ என்று கூட்டாகக் கேட்டார்கள். அப்போது மறுத்த அந்த நிறுவனம், மூன்றே ஆண்டுகளில், 2015 ஏப்ரலில், மாதம் 15 டாலருக்குத் தனிச் சேவையைத் தொடங்கியது. அந்த மூன்று ஆண்டுகளில் அதன் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ உலகிலேயே அதிகமாகத் திருட்டுத்தனமாகப் பதிவிறக்கப்பட்ட தொடராகிவிட்டது.

தமிழ்த் திரையுலகிலும் இதே கதை நடந்தது. 2012 இறுதியில் கமல்ஹாசன் தன் ‘விஸ்வரூபம்’ படத்தை டிடிஎச் வழியாக வீட்டுத் திரைக்கே கொண்டுவரப் போவதாக அறிவித்தார். திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். திட்டம் நினைத்தபடி நடக்கவில்லை. 2020 மே மாதம், கோவிட் முடக்கத்தில், ஜோதிகா நடித்த ‘பொன்மகள் வந்தாள்’ நேராக அமேசான் பிரைமுக்குப் போனது. அப்போதும் எதிர்ப்பு, அந்தத் தயாரிப்பு நிறுவனத்தின் படங்களைத் திரையிட மாட்டோம் என்ற எச்சரிக்கை. இன்றைக்கோ திரையரங்கில் ஓடிய சில வாரங்களில் படம் இணையத்துக்கு வருவது வாடிக்கையாகிவிட்டது. திரையரங்குகளும் இருக்கின்றன, நல்ல படத்துக்குக் கூட்டமும் வருகிறது.

நம் ஊர் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1963 டிசம்பர் 28-ல் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. பிறகு வந்த இரண்டாவது அலைவரிசையில் தமிழுக்குக் கிடைத்தது செய்தியும் வாரத்தில் சில மணி நேரமும்தான். அந்தப் பசியை லிட்டில் இந்தியாவின் வீடியோ கேசட் கடைகள் தீர்த்தன. வெள்ளிக்கிழமை மாலை ஒரு கேசட்டை வாடகைக்கு எடுத்து, பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து பார்த்த காலம் அது. 1996-ல் வானவில் வந்தபோது முழுநேரத் தமிழ்ச் சேனல் என்பதே ஓர் அதிசயமாக இருந்தது. அதைக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் கேசட் கடைக்காரரும் ஒரு காலத்தில் நன்றிக்குரியவராகத்தான் இருந்தார். மக்கள் நன்றிக்காக ஒரு வழியிலேயே நின்றுவிடுவதில்லை.

சட்டப்படியான வழி கிடைக்காதபோது மக்கள் எங்கே போகிறார்கள்? பதில் எல்லாருக்கும் தெரியும். ‘ஒருமுறை கொடு, ஆயுசுக்கும் பார்’ என்று கூவி விற்கப்படும் ஆண்ட்ராய்டு பெட்டிகள். எல்லாப் பெட்டியும் குற்றமல்ல. உரிமம் பெற்ற செயலிகளைப் பார்க்க உதவும் பெட்டி ஒரு கருவி மட்டுமே. திருட்டு ஒளிபரப்புகளைத் திணித்து விற்பதுதான் குற்றம். 2022 மார்ச் 18 முதல் நடப்பில் இருக்கும் காப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, அப்படிப்பட்ட தொழில்நுட்பத்தைத் தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், விற்பவர் ஆகியோருக்குக் குறைந்தது 10,000 வெள்ளி முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. திருட்டுப் பெட்டியில் சென்னைச் சேனல்கள் எல்லாம் வரும். ஆனால் நம் ஊர்க் கதை அதில் வளராது. ஈப்போவில் எடுத்த தொடர், கிள்ளானில் வளர்ந்த நடிகர், பட்டர்வொர்த்தில் இருந்து வந்த ஒளிப்பதிவாளர் என்று எல்லாருடைய சம்பளமும் உள்ளூர்ப் பார்வையாளர் கட்டும் காசிலிருந்தும் உள்ளூர் விளம்பரத்திலிருந்தும்தான் வருகிறது. அந்த ஓடை வற்றினால், ‘லா’ போட்டுப் பேசும் நம் தமிழைத் திரையில் கேட்க முடியாமல் போகும். சேனல்களின் பிடிவாதத்தால் பார்வையாளர் திருட்டுப் பெட்டிக்குப் போகிறார். அவர் போனதால் நட்டப்படுபவர் நம் பக்கத்து வீட்டுக் கலைஞர்.

வானொலிக்காரன் என்ற முறையில் ஓர் ஒப்பீடு. எங்கள் துறை இணையத்தைப் பார்த்து இந்த அளவுக்கு மிரளவில்லை. மின்னலை ஆர்டிஎம் கிளிக் செயலியிலும், ராகாவை சியோக் செயலியிலும் கேட்கலாம். தைரியம் அதிகம் என்பதால் இது நடக்கவில்லை. வானொலி நேயர்களுக்கு இலவசம், பெரும்பாலும் விளம்பரத்தால் வாழ்கிறது. இன்னொரு காது சேர்ந்தால் எங்களுக்கு இலாபம். கட்டணத் தொலைக்காட்சி விற்றது நிகழ்ச்சியை மட்டுமல்ல, அதைத் திறக்கும் டிகோடரையும் சேர்த்துத்தான். பூட்டையே வியாபாரமாக்கியவர்களுக்குக் கதவைத் திறப்பது கடினம்தான். ஆனால் முடியாத காரியமல்ல.

பார்வையாளர்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தமிழ்ச் சேனல்களுக்கு மட்டும் நியாயமான விலையில் ஒரு தனி இணையச் சந்தா. மாதாமாதம் நிறுத்தவும் தொடரவும் உரிமை. மூத்தவர்கள் பயன்படுத்தும் அளவுக்கு எளிமையான, தமிழில் பேசும் செயலி. உள்ளூரில் தயாரித்த, தங்களுக்கே முழு உரிமை உள்ள நிகழ்ச்சிகளையாவது வெளிநாட்டில் இருக்கும் மலேசியர்களுக்குத் திறந்துவிடுதல். கடைசியாகச் சொன்னதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் புதிய சந்தாதாரர்களாக வருவார்களே தவிர, பழைய சந்தாவைக் குறைக்கப் போவதில்லை.

நம் பக்கமும் செய்ய வேண்டியது உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதா என்று பில்லைப் பாருங்கள். முடிந்திருந்தால் அழைத்து, பார்க்காத தொகுப்புகளை நீக்கச் சொல்லுங்கள்; கேட்டால் குறையும், கேட்காவிட்டால் தானாகக் குறையாது. டிவி2-வின் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு மாதக் கட்டணம் கிடையாது. இலவச டிஜிட்டல் ஒளிபரப்பிலும் ஆர்டிஎம் கிளிக்கிலும் அவை வருகின்றன. குடும்பத்தில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். பல வீடுகளில் நாலு சந்தா ஓடும், பார்ப்பது ஒன்றரை. மிச்சமாகும் காசில் உள்ளூர்ப் படைப்பு ஒன்றுக்குச் சந்தா கட்டினால், அது கலைஞர்களுக்குச் செய்யும் உதவி, நிறுவனங்களுக்குச் சொல்லும் செய்தி.

ஜாலான் பெராக் அம்மாவுக்கு உரிமை ஒப்பந்தமும் தொகுப்புக் கணக்கும் தெரியத் தேவையில்லை. இரவு எட்டரைக்கு அவர் நாடகம் வர வேண்டும், அவர் ஓய்வூதியத்துக்குள் அது அடங்க வேண்டும். அந்தக் கணக்கை முதலில் சரியாகப் போடும் நிறுவனத்துக்கு டத்தோ கிராமாட்டில் மட்டும் எத்தனை வீடுகள் காத்திருக்கின்றன என்பதை, கூரையில் இருக்கும் தட்டுகளை எண்ணியே தெரிந்துகொள்ளலாம்.